சுக்கான் பிடித்தவனுக்கு

என் மகன் வஜ்திக்கு,

அம்மா எழுதுகிறேன். அந்தச் சுவர்களுக்குள்ளும் அல்லாஹ் உன் பக்கத்தில் இருக்கட்டும்.

இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை. உன் அத்தை மகள் ரஃபீக்கா விடுமுறைக்கு ஊருக்கு வந்திருக்கிறாள். கடலுக்கு அப்பால் நீ இருக்கும் கதானியாவுக்குத் திரும்பியதும், உன் வக்கீலோடு மொழிபெயர்க்கச் சிறைக்குள் வரும் நாளில் அவருடைய காகிதங்களோடு இதையும் வைத்துக்கொண்டு வருவாள். அங்கேயே படித்துவிட்டு அவளிடமே திருப்பிக் கொடுத்துவிடு. என்ன எழுதியிருக்கிறது என்று வக்கீல் கேட்டால் ஊர் விசேஷம் என்று சொல். அவருக்கு நம் எழுத்து தெரியாது. சொல்வதும் பொய்யாகாது, எல்லாம் நம் ஊரில் நடந்ததுதான்.

இதற்கு முன் தபாலில் அனுப்பிய கடிதங்களில் வெயிலையும் மழையையும் பேய்க்கணவாய் பிடிக்கும் சீசனையும் எழுதினேன். நீயும் சாப்பாடு பரவாயில்லை, முதுகுவலி தேவலை என்று பதில் போட்டாய். நம் இரண்டு பேருக்கும் நடுவில் யாரோ ஒருவர் உட்கார்ந்து படிக்கிறார் என்று தெரிந்தே எழுதினோம். இதை அவர் படிக்கப் போவதில்லை. அதனால் மனதில் இருப்பதை எழுதுகிறேன்.

உன் அப்பா நலமாக இருக்கிறார் என்று எழுதினால் நீ நம்பமாட்டாய். கடலுக்குப் போகிறார், வருகிறார். மாத்திரையைக் கையில் வைத்தால் விழுங்குகிறார். உன் மோட்டார் சைக்கிளை வாங்கியவன் இன்னும் நம் தெரு வழியாகத்தான் போகிறான். அந்தச் சத்தம் கேட்டால் வலை பின்னுவதை நிறுத்திவிடுவார். அது கோடியைத் தாண்டிய பிறகுதான் மறுபடி ஊசியை எடுப்பார். வண்டியை விற்றுத்தான் நீ படகுக்குக் கூலி கட்டினாய், அதனால் நீயும் மற்றவர்களைப் போல ஒரு பயணிதான் என்று காட்ட, அவன் எழுத்து மூலம் சாட்சி கொடுத்திருக்கிறான். கேட்டதும் கொடுத்தான். அவன் நன்றாக இருக்கட்டும்.

தீர்ப்பு வந்த அன்று ரஃபீக்கா போனில் இருபது வருடம் என்று சொன்னபோது, அப்பா அவளை மறுபடி சொல்லச் சொன்னார். அவள் அழுதுகொண்டே சொன்னாள். அப்பா, "குற்றத்துக்கு என்ன பேரு போட்டிருக்காங்க?" என்று கேட்டார். ஆள் கடத்தியது, அதனால் உயிர்கள் போனது என்று அவள் சொன்னாள். "எம்மவன் யாரையும் கடத்தலம்மா. அவனே ஒரு மூட்டையா போனவன்" என்று சொல்லிவிட்டுப் போனை என் கையில் கொடுத்துவிட்டார்.

அன்றைக்கு அக்கம்பக்கத்தார் வாசல்வரை வந்தார்கள். உள்ளே வரலாமா கூடாதா என்று அவர்களுக்குத் தெரியவில்லை. பிள்ளை செத்த வீட்டுக்குள் எப்படி நுழைவது, என்ன சொல்வது என்று எல்லோருக்கும் பழக்கம். பிள்ளை உயிரோடு இருக்கிற, ஆனால் அந்தப் பிள்ளை சுக்கான் பிடித்த படகில் தங்கள் பிள்ளைகள் போய்விட்ட வீட்டுக்குள் எப்படி நுழைவது என்று யாருக்கும் பழக்கமில்லை. சிலர் சாப்பாட்டுப் பாத்திரத்தை வாசலில் வைத்துவிட்டுப் போனார்கள். சிலர் எதிர்ப்பக்கமாக நடந்து போனார்கள். நான் அவர்களில் யாரையும் குறை சொல்லமாட்டேன்.

ஷாத்லியைப் பற்றி நீ கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். உங்கள் எல்லோரிடமும் காசு வாங்கி, தகரத்தை அவசரமாகப் பற்றவைத்து அதற்குப் படகு என்று பெயர் சொல்லி அனுப்பினானே, அவன் நன்றாக இருக்கிறான். மாடி கட்டிவிட்டான். தினமும் பள்ளிவாசல் எதிரில் இருக்கும் காபிக் கடையில்தான் இருக்கிறான். எந்த ஊர் நீதிபதியும் அவனை இதுவரை கூப்பிடவில்லை. ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முந்தின நாள் நம் வீட்டு வாசலில் ஒரு செம்மறிக் கிடாவைக் கட்டிவிட்டுப் போனார்கள். நல்ல கொழுத்த கிடா. யார் அனுப்பியது என்று தெரிந்ததும் அப்பா செருப்புகூடப் போடாமல் அதைக் கயிற்றோடு இழுத்துக்கொண்டு காபிக் கடைக்குப் போனார். அது நடக்கமாட்டேன் என்று அடம்பிடித்தது. தெருவே கதவைத் திறந்து பார்த்தது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. நானும் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு பின்னாலேயே ஓடினேன்.

ஷாத்லி எழுந்து நின்று, "என்னண்ணே இது, பெருநாளைக்குப் பிள்ளைங்க வாய்க்கு ருசியா சாப்பிடட்டும்னு அனுப்புனேன்" என்றான்.

"எங்க வீட்டுல பிள்ளைங்க இல்ல. ஒண்ணே ஒண்ணு இருந்துச்சு. அதையும் நீதான அனுப்பி வெச்ச" என்றார் அப்பா. கயிற்றை அவன் மேசைக் காலில் கட்டிவிட்டு வந்துவிட்டார். கடையில் இருந்த ஆண்கள் எல்லோரும் அவரவர் கோப்பைக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவராவது தலையை நிமிர்த்தியிருந்தால் எனக்கு அன்றைக்குக் கொஞ்சம் சோறு இறங்கியிருக்கும்.

இனி உன் விஷயத்துக்கு வருகிறேன்.

உன்னோடு அந்தப் படகில் போன முடிதிருத்தும் மர்வானை அவர்கள் விமானத்தில் ஏற்றித் திருப்பி அனுப்பிய வாரமே அவன் நம் வீட்டுக்கு வந்தான். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னான். கரை மறைந்ததும் ஷாத்லியின் ஆள் பக்கத்தில் வந்த இன்னொரு படகில் தாவி ஏறி, நேராகப் போங்கள் என்று கையைக் காட்டிவிட்டுத் திரும்பிப் போய்விட்டானாம். யாருக்குப் படகு ஓட்டத் தெரியும் என்று எல்லோரும் கத்தினார்களாம். நீ தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தாயாம். உன்னோடு ஏறிய நம் தெரு இஷ்ராக்தான் உன்னைக் காட்டிக் கொடுத்தாளாம். "இதோ வஜ்தி இருக்கான், அவனுக்குத் தெரியும், அவங்கப்பா மீன் பிடிக்கிறவரு" என்று சொன்னாளாம். அப்புறம்தான் நீ எழுந்து சுக்கானைப் பிடித்தாயாம்.

மத்தியானத்துக்கு மேல் காற்று வடமேற்கே திரும்பியது என்றான். பாதிப் பேர் திரும்பிவிடலாம் என்றார்களாம், பாதிப் பேர் வேண்டாம் என்றார்களாம். நீ போகிற பக்கமே போனாய். "அவன் திருப்பியிருந்தா அடிச்சே கொன்னிருப்பாங்க சாச்சி, வீட்டை வித்துட்டு வந்தவங்கல்லாம் இருந்தாங்க" என்றான் மர்வான். அதன்பிறகு தூரத்தில் ஒரு கப்பல் தெரிந்து எல்லோரும் ஒரே பக்கமாக எழுந்து நின்றதும், படகு கவிழ்ந்ததும். தண்ணீரில் ஒரு பெட்ரோல் டப்பாவை நீயும் இஷ்ராக்கும் சேர்ந்து பிடித்திருந்ததை அவன் பார்த்திருக்கிறான். அப்புறம் ஒரு பெரிய அலை அவனைத் தள்ளிக்கொண்டு போனது. மறுபடி உன்னைப் பார்த்தபோது டப்பாவில் நீ மட்டும்தான் இருந்தாயாம்.

அதற்குமேல் அவனுக்குத் தெரியாது. அவனிடம் நானும் கேட்கவில்லை.

மர்வான் போனதும் அப்பா, "நானா இருந்தா திருப்பியிருப்பேன்" என்றார். உனக்குத் தெரியும், அந்தக் காற்று திரும்பினால் நம் ஊரில் வலையை அறுத்துப் போட்டுவிட்டாவது கரைக்கு வந்துவிடுவார்கள். நீ நடக்கப் பழகும்போதே அவர் உனக்கு அதைச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். பல வாரம் கழித்து, சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, நான் ஒன்றும் கேட்காமலேயே, "அவன் வயசுல, அந்தக் கூட்டத்துக்கு நடுவுல, நானும் திருப்பியிருக்க மாட்டேன்" என்றார். ரொட்டியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிட்டார். இந்த இரண்டில் எதை நான் எடுத்துக்கொள்வது, சொல். எனக்கு இரண்டும் உண்மையாகத்தான் படுகிறது.

அந்த ஊர் நீதிமன்றம் உன்னைக் கடத்தல்காரன் என்றது. அது அநியாயம். அதற்காக நான் தினமும் தொழுகையில் முறையிடுகிறேன். ஆனால் நீ அங்கே நின்றுகொண்டு, சுக்கானைத் தொடவே இல்லை என்று சொன்னாய். வக்கீல் சொல்லிக் கொடுத்ததைச் சொன்னாய். உன்னோடு பிழைத்து வந்தவர்கள் எல்லோரும் நீதான் பிடித்தாய் என்று சொன்ன பிறகும் சொன்னாய். நீ கூலி கொடுத்து ஏறியது, காசுக்காகப் பிடிக்காதது, வேறு வழியில்லாமல் பிடித்தது, இத்தனை உண்மையும் அந்த ஒரு பொய்யோடு சேர்ந்து தண்ணீருக்குள் போய்விட்டது.

இப்போது மேல்முறையீட்டுக்கு வக்கீல் ஒரு வழி சொன்னார். இறந்தவர்களின் குடும்பத்தில் யாராவது உனக்காக எழுதிக் கொடுத்தால் நீதிபதிகள் யோசிப்பார்களாம். அவரே இரண்டு வரி எழுதி, ரஃபீக்கா நம் மொழியில் மாற்றி எடுத்து வந்தாள். 'வஜ்தி என் மகளைப் போலவே கூலி கொடுத்து ஏறிய பயணி. அவன் படகை ஓட்டவில்லை.' இதில் இஷ்ராக்கின் அம்மா நஸீஹா கையெழுத்துப் போட வேண்டும்.

நஸீஹா வீடு நம் வீட்டிலிருந்து மூன்றாவது கதவு. இஷ்ராக் போனதிலிருந்து நான் அந்தப் பக்கம் போனதில்லை. நஸீஹாவுக்கு அடக்கம் செய்ய ஓர் உடல்கூடக் கிடைக்கவில்லை. இதை வைத்துக்கொண்டு நான் எந்த முகத்தோடு போவேன்? ஆனாலும் போனேன். பெற்றவளுக்கு முகம் ஏது.

கதவைத் திறந்தாள். வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. முற்றத்தில் கம்பளி அலசிப் போட்டிருந்தாள், ஈரத்தில் கால் வைத்து உள்ளே போனேன். காபி வைக்கவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. தாளைக் கொடுத்தேன். படித்தாள். மறுபடியும் படித்தாள்.

"ஸல்வாக்கா, உனக்கு அவன் போறது தெரியாது. எனக்குத் தெரியும்" என்றாள்.

எனக்குப் புரியவில்லை. அவளே சொன்னாள். அன்றைக்குக் காலையில் இஷ்ராக்குக்கு ரொட்டிக்குள் முட்டையும் ஹரிஸ்ஸா மிளகாய் விழுதும் வைத்துக் கட்டிக் கொடுத்தது அவள்தானாம். அவ்வளவு படித்தும் வேலை கிடைக்காமல் வீட்டில் உட்கார்ந்து மகள் வாடுவதைப் பார்க்க முடியாமல், போ என்று சொன்னதும் அவள்தானாம். நீ வாசலில் வந்து நின்றபோது உன் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ கூட இருக்கேன்னுதான்டா அனுப்புறேன், கடல் தெரிஞ்ச பிள்ளை நீ" என்று சொன்னாளாம். நீ, "நான் பாத்துக்கிறேன் சாச்சி" என்றாயாம்.

இதை நீ எனக்குச் சொன்னதே இல்லை, வஜ்தி.

"உம்மவனுக்கு இருபது வருஷம் போட்டுட்டாங்க. அக்கா, எனக்கு யார் போடுவாங்க? எத்தனை வருஷம் போடுவாங்க? சொல்லு, நான் இப்பவே கிளம்பிப் போறேன்" என்று கேட்டாள். சத்தம் போடவில்லை. கம்பளி விலையைக் கேட்பவள் போலக் கேட்டாள்.

அப்போது என் நாக்கு நுனியில் ஒன்று வந்து நின்றது. உன் மகள்தான் என் மகனைக் கைகாட்டினாள், அவள் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் என் பிள்ளை இன்றைக்குக் கம்பிக்குப் பின்னால் இருக்கமாட்டான் என்று சொல்ல வந்தது. மர்வான் அதை நம் வீட்டில் மட்டும்தான் சொன்னான். சொல்லியிருந்தால் அவள் அந்த இடத்திலேயே விழுந்திருப்பாள், தாளிலும் கையெழுத்துப் போட்டிருப்பாள். விழுங்கிவிட்டேன். அன்றைக்கு விழுங்கியது இன்னும் நெஞ்சிலேயே நிற்கிறது. இதை நான் செத்தாலும் அவளிடம் சொல்லமாட்டேன். நீயும் சொல்லாதே. அதை மட்டும் நீ உன்னோடு வைத்துக்கொள்.

கடைசியில் அவள், "கையெழுத்துப் போடுறேன்க்கா. ஆனா அவன் எனக்கு ஒண்ணு சொல்லணும். எம்பொண்ணு எப்படிப் போனா? அந்த டப்பாவைப் புடிச்சிருந்தவ எப்படி விட்டா? தெரிஞ்சவன் அவன் ஒருத்தன்தான். அதைச் சொல்லச் சொல்லு" என்றாள். டப்பா விஷயம் ஊர் முழுக்கத் தெரியும். அவள் காதுக்கும் போயிருக்கிறது.

ரஃபீக்கா வக்கீலிடம் போனில் கேட்டாள். ஒரு வார்த்தைகூடக் கூடாது என்று அவர் குதித்தாராம். தண்ணீரில் நடந்ததைச் சொன்னால் படகில் நடந்ததையும் சொல்ல வேண்டிவரும், முதலில் பொய் சொன்னான் என்று தெரிந்தால் நீதிபதிகள் வேறு எதையும் நம்பமாட்டார்கள், தண்டனை கூடினாலும் கூடும் என்றாராம். அதை அப்படியே போய் நஸீஹாவிடம் சொன்னேன். அவளிடமும் பொய் சொல்ல எனக்குத் தெம்பில்லை. அவள் கதவைச் சாத்தினாள். சரி, முடிந்தது என்று நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து ஆட்கள் தெருவில் வந்துகொண்டிருந்த நேரம், எல்லோரும் பார்க்க, அவள் நம் வீட்டுக்கு வந்தாள். தாளை என் கையில் வைத்தாள். கையெழுத்துப் போட்டிருந்தாள். ஆனால் இரண்டாவது வரியை, அவன் படகை ஓட்டவில்லை என்ற வரியை, பேனாவை அழுத்தி அடித்துவிட்டிருந்தாள். மறுபக்கம் தாள் கிழிகிற அளவுக்கு அழுத்தியிருந்தாள்.

"எம்பொண்ணை வெச்சு பேரம் பேச வேண்டாம்னு தோணிச்சுக்கா. அவன் எனக்கு ஒண்ணும் சொல்ல வேண்டாம். அவன் பயணிதான், காசு கொடுத்துத்தான் போனான். அது சத்தியம், போட்டுட்டேன். இன்னொண்ணுக்கு நான் சாட்சி இல்ல. நான் அங்க இல்லியே" என்றாள்.

நான் அவளை உட்காரச் சொன்னேன். உட்கார்ந்தாள். நான் வைத்த காபியைக் குடித்தாள். அப்பா உள்ளே இருந்து வந்து அவளுக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தார். போகும்போது அவள் அப்பாவிடம், "அண்ணே, நீங்க மாசக்கணக்கா உங்க படகை எடுத்துட்டுப் போய் எம்பொண்ணைத் தேடுனீங்க. அதை நான் மறக்கல" என்றாள். அப்பா முகத்தை மூடிக்கொண்டார்.

அடித்துவிட்ட தாளைக் கொடுத்தால் வேலைக்கு ஆகாது, அதுவே உனக்கு எதிராகப் போகும், அவளிடம் புதிதாக ஒன்று வாங்குங்கள் என்று வக்கீல் சொல்கிறார். ரஃபீக்கா இரண்டு முறை என்னிடம் கெஞ்சினாள். "மாமி, ஒரு நிமிஷ வேலை, அவங்க போட்டுருவாங்க" என்றாள். போட்டாலும் போடுவாள். நஸீஹாவை எனக்குத் தெரியும், மறுபடி போய் நின்றால் என் முகத்துக்காகப் போட்டுவிடுவாள். அதனால்தான் நான் போகவில்லை. போகவும் மாட்டேன். மகனுக்காக எதுவும் செய்வேன் என்று இத்தனை நாள் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். இது ஒன்றைச் செய்யமாட்டேன் என்பது எனக்கே இப்போதுதான் தெரிந்தது. நீ என்மேல் கோபப்பட்டால் படு.

அந்தத் தாளைத்தான் இதோடு அனுப்புகிறேன். கொடுப்பதா கிழிப்பதா என்று நீயே முடிவு செய். கிழித்துவிட்டால் நான் கேட்கமாட்டேன். கொடுத்தால், நீதிபதி உன்னைப் பார்த்து இந்த வரியை ஏன் அடித்திருக்கிறார்கள் என்று கேட்பார். அப்போது பதில் சொல்ல வேண்டியது நீ. நான் பிடித்தேன் என்று சொல். ஏன் பிடித்தாய் என்று சொல். ஏன் திருப்பவில்லை என்று சொல். யார் பெயரையும் இழுக்காமல் சொல். தண்டனை குறையும் என்று நான் உனக்கு ஆசை காட்டவில்லை. கூடலாம். எனக்கும் உன் அப்பாவுக்கும் எத்தனை வருடம் பாக்கி இருக்கிறது என்றும் எனக்குத் தெரியாது. எல்லாம் தெரிந்துதான் எழுதுகிறேன்.

தண்ணீரில் நடந்ததை நீதிபதியிடம் சொல்ல வேண்டாம். அது அவருக்கு உரியது இல்லை. அதை ரஃபீக்காவிடம் வாய்விட்டுச் சொல். அவள் நஸீஹாவிடம் சொல்லட்டும், என்னிடம்கூட வேண்டாம். நீ அவளைப் பிடித்திருந்து கை வழுக்கியதோ, அவளே விட்டாளோ, இல்லை வேறு எப்படியோ, அது எதுவாக இருந்தாலும் நீ என் பிள்ளைதான். அதை நினைத்து உன் வாய் அடைக்க வேண்டாம். நஸீஹா கேட்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். அதனால்தான் நீ சொல்ல வேண்டும் என்கிறேன்.

குளிர்காலம் வருகிறது. ரஃபீக்காவிடம் கம்பளிச் சட்டை கொடுத்தனுப்பியிருக்கிறேன், உள்ளே விடுவார்களோ என்னவோ. அப்பா உனக்கு ஸலாம் சொல்லச் சொன்னார். வேறு ஏதாவது எழுதவா என்று கேட்டேன். "அவன்மேல எனக்குக் கோபம் இல்லைன்னு எழுது. இல்ல, இருக்குன்னே எழுது. ஆனா வந்தா படகு அவனுக்குத்தான்னு எழுது" என்றார்.

உன்னை நீதிபதிகளின் இரக்கத்துக்கு விடவில்லை, மகனே, அல்லாஹ்வின் இரக்கத்துக்கு விட்டிருக்கிறேன். அவன் உனக்குப் பயத்தை எடுத்துவிட்டு நாக்கைக் கொடுக்கட்டும். நீ எந்த வருடம் இந்தத் தெருவில் கால் வைத்தாலும், முதலில் மூன்றாவது கதவைத் தட்டிவிட்டு அப்புறம் நம் வீட்டுக்கு வா. அதுவரை நான் சாப்பாட்டை ஆறவிட்டுக் காத்திருக்கிறேன்.

உன்னைப் பெற்ற,
ஸல்வா